நூற்றிருபதுக்கு எண்பது

காலை ஆறு மணி பத்து நிமிடம். முத்திரைக்காரர் நாற்காலியில் ராணுவத் தளபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையை மேஜைமேல் நீட்டி, பட்டையைச் சுற்றி, பொத்தானை அமுக்கினார். பிரஷர் மெஷின் உர்ரென்று காற்றை ஏற்றி, புஸ்ஸென்று இறக்கியது. எண்கள் வந்தன. நூற்றிருபதுக்கு எண்பது. நாடி எழுபத்திரண்டு.

"இந்தா, பாத்துக்கோ!" என்று அடுத்த அறையைப் பார்த்துக் கூவினார்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே.

பதினோரு வருடமாக இந்த எண் இம்மி அசைந்ததில்லை. அடைமழையில் தொப்பலாக நனைந்து வந்த அன்றும் அதே. நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் பற்கள் தந்தியடித்த அன்றும் அதே. மகள் பிரசவ அறைக்குள் வீறிட்டபோது, வெளியே நிற்க முடியாமல் வீட்டுக்கு ஓடிவந்து மாட்டிப் பார்த்தார், அன்றும் அதே. "மலைகூட வருஷத்துக்கு ஒரு நூல் தேயுமாம். நான் தேய மாட்டேன்" என்று அலுவலகத்தில் சொல்லிக்கொள்வார். கேட்டவர்கள் பொறாமையில் தேய்ந்தார்கள்.

அவர் பார்த்த உத்தியோகம் எடை அளவை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கற்களையும் சோதிப்பார். சரியாக இருந்தால் ஈய முத்திரை அடிப்பார். தப்பாக இருந்தால் கடைக்காரர் மூக்கைச் சிந்தும்வரை நோட்டீஸ் எழுதுவார். அவர் கடைத்தெருவின் இந்த முனையில் திரும்பினால் அந்த முனையில் இருக்கும் தராசுகள் தாமாகவே நேராகிவிடும் என்று பேச்சு. மீன்காரம்மா ஒருத்தி அவரைக் கண்ட பதற்றத்தில் தன் தட்டிலிருந்து மட்டுமல்ல, பக்கத்துக் கடைத் தட்டிலிருந்தும் கையை எடுத்தாள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. ஊருக்கு அவர் முத்திரைக்காரர்.

அந்த மெஷின் வந்த கதையை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பார். அப்பா நாற்பத்தேழு வயதில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பொத்தென்று போய்விட்டார். தனக்கு நாற்பத்தாறு முடிந்ததும் முத்திரைக்காரர் தூக்கத்தைத் தொலைத்தார். ஒரு நாளைக்கு நாற்பது தடவை தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். சட்டைக்குப் பொத்தான் போடவே பயந்து, ஒரு மாதம் பனியனோடு அலைந்தார். அப்போதுதான் மூடப்போகிற ஒரு மருத்துவக் கருவிக் கடையின் கண்ணாடி அலமாரியில் இது தனியாக உட்கார்ந்திருந்தது.

"அது விக்கறதுக்கு இல்ல சார்" என்றார் கடைக்காரர்.

விற்பதற்கு இல்லையாம்! நல்ல சரக்கைப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு இல்லை என்று கைவிரிக்கும் கடைக்காரர்களை அவர் எத்தனை பேர் பார்த்திருப்பார்! அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார். கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அட்டையைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டு மெஷினைக் கட்டிக் கொடுத்தார். அன்று சாயங்காலமே முத்திரைக்காரர் அதன் அடிவயிற்றில் அலுவலக முத்திரைச் சீட்டு ஒன்றை ஒட்டினார். சோதித்துச் சரிபார்க்கப்பட்டது. வேறு யார் கையும் அதன்மேல் படக் கூடாது என்று சட்டமும் போட்டார். பல கை பட்டால் கருவி கெட்டுவிடுமாம்.

எண் மாறாதது அவருக்கு ஆச்சரியமாகவே இல்லை. நல்ல தராசு எது? ஒரே கல்லை நூறு தடவை வைத்தாலும் ஒரே எடை காட்டுவது. ஆக, மெஷினும் பத்தரை மாற்று, உடம்பும் பத்தரை மாற்று.

இப்போது வயது ஐம்பத்தெட்டு. இன்னும் மூன்றே மாதத்தில் ஓய்வு. அந்த நினைப்பு வரும்போதெல்லாம் அடிவயிற்றில் ஒரு கல் உருளும். அதையும் மெஷினில் மாட்டிப் பார்த்தார். நூற்றிருபதுக்கு எண்பது. கல்லாவது, மண்ணாவது!

நல்லவேளையாக ஒரு வழி பிறந்தது. ஓய்வு பெறுகிறவர்களில் ஒருவருக்கு மட்டும் இரண்டு வருட நீட்டிப்பு என்று பெரிய அதிகாரி அறிவித்தார். உடல் தகுதிச் சான்று வேண்டும். பணிப் பதிவேட்டில் கறை இருக்கக் கூடாது. தகுதியானவர்கள் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர் மருந்துக்கடை.

மருந்துக்கடை என்பது பதிவறை எழுத்தர். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, ஒரு காது மந்தம், குடலிறக்கத்துக்கு ஒரு தையல், பித்தப்பை இருந்த இடத்தில் ஒரு தையல், இவை போதாதென்று தும்மல். சட்டைப் பையில் மாத்திரைப் பட்டைகள் சரசரக்க அவர் நடந்து வந்தால் பதிவறை எலிகள்கூட ஒதுங்கி வழிவிடும். இந்த ஆளோடு போட்டியா? முத்திரைக்காரர் அன்று மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பங்காகச் சாப்பிட்டார்.

"என்னய்யா முத்திரை, சிரிக்கிறே?" என்றார் மருந்துக்கடை.

"ஒண்ணுமில்ல. சான்று வாங்கப் போகும்போது ஸ்ட்ரெச்சர்ல போறியா, நடந்தேவா?"

"உன் முதுகுல ஏறிப் போறேன். நீதான் மலையாச்சே."

இங்கேதான் முதல் இடி விழுந்தது. புதிதாக வந்த டாக்டரம்மா சான்றுக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார். ஆறு பக்கம். உடம்பு என்பது முதல் பக்கம் மட்டுமே. அடுத்தது மனசு. அப்புறம் தூக்கம். அப்புறம் மனிதர்கள், வேலை, கடைசியாக 'இனிமேல்' என்று ஒரு பக்கம். கூடவே இணைத்த உறை ஒன்று: வீட்டார் எழுதி, ஒட்டித் தர வேண்டியது.

முத்திரைக்காரர் படிவத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவின் அறைக்கே போனார்.

"டாக்டரம்மா, ஆள் நல்லா இருக்கானான்னு பாக்க ஒரு பக்கம் போதாதா? பாக்கி அஞ்சும் எதுக்கு?"

"நோய் இல்லாம இருக்கறது மட்டும் ஆரோக்கியம் இல்ல சார்."

"அப்போ வேற என்ன?"

"அதைத்தான் நீங்க எழுதப் போறீங்க" என்று சிரித்தார். சிரிப்பு கொஞ்சம்கூடப் பிடிக்கவில்லை. அளக்க முடியாததை எழுதச் சொன்னால் எந்த அலகில் எழுதுவதாம்?

வேலையை முறையாகச் செய்கிறவர், அதனால் விசாரணையில் இறங்கினார். அன்று கடைத்தெருவில் தராசு சோதித்த கையோடு, ஆரோக்கியம் என்றால் என்ன என்று ஒவ்வொரு கடைக்காரரிடமும் கேட்டார். ஏதோ புதிய குற்றப்பிரிவு வந்துவிட்டதென்று கடைத்தெருவே வெலவெலத்தது. "நாங்க அதெல்லாம் வச்சுக்கறதே இல்ல சார்" என்றார் அரிசிக்காரர். மீன்காரம்மா மட்டும் யோசித்து, "பசிச்சு சாப்பிடணும், படுத்ததும் தூங்கணும், காலையில எழுந்தா நம்மள யாராவது தேடணும்" என்றாள். மருந்துக்கடையைக் கேட்டபோது, "எழுந்ததும் யாரையாவது நல்லா திட்டணும்னு ஆசை வரணும். எனக்கு உன் மூஞ்சி ஞாபகம் வரும், உடனே படுக்கையை விட்டு எழுந்துடுவேன்" என்றார். ஆளுக்கு ஒரு அளவு! ஒப்பிட்டுப் பார்க்கத் தாய் எடைக்கல்லே இல்லாத ஒரு பண்டம்!

ஆனாலும் எழுதினார். 'கடைசியாக வயிறு வலிக்கச் சிரித்தது எப்போது?' என்ற கேள்விக்கு, 'எனக்கு வயிற்றுவலி கிடையாது.' 'உங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வரக்கூடியவர்கள் யார்?' என்றதற்கு, 'யாருமில்லை. சொல்லிவிட்டும் வருவதில்லை.' 'வேலை இல்லாத நாளில் என்ன செய்வீர்கள்?' என்றதற்கு, 'மறுநாள் வேலைக்குத் தயாராவேன்.' 'இனிமேல்' பக்கத்தில் ஒரே கேள்விதான். ஓய்வுக்குப் பிறகு என்ன செய்வதாக உத்தேசம்? பேனாவை மூடி வைத்தார். பின் மறுபடி திறந்தார். அடிவயிற்றில் கல் உருண்டது. காலியாகவே விட்டார். அதுதான் நீட்டிப்பு கிடைக்கப் போகிறதே!

உறையை மனைவியிடம் கொடுத்தார். தையல்காரர்கள் நிறைந்த அந்தத் தெருவில் அவளும் ஒரு தையல்காரி. ஜன்னலோரம் தையல் மெஷின். அதன் பக்கத்தில் தலையில்லாமல் உடம்பும் கைகளும் மட்டும் உள்ள துணிப் பொம்மை ஒன்று, தைத்த சட்டையை மாட்டிப் பார்ப்பதற்கு. கழுத்தில் இன்ச் டேப் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை.

"என்ன எழுதணும்?" என்றாள்.

"நான் எப்படி இருக்கேன்னு. நல்லா இருக்கேன்னு ரெண்டு வார்த்தை எழுதி ஒட்டிக் குடு."

"எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதறேன். அது கெடக்கட்டும், பல் டாக்டர்கிட்ட போகணும்னு ஆறு மாசமா சொல்றேன்."

"என் பல்லு மேல உனக்கு அப்படி என்னம்மா மோகம்? வருஷத்துக்கு ரெண்டு தடவை, எட்டு வருஷமா! முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கு. இந்தத் தடவை முடியாது, நீட்டிப்பு வேலை தலைக்கு மேல கெடக்கு."

அவள் ஏதோ சொல்ல வந்து, ஊசியில் நூல் கோக்கப் போய்விட்டாள்.

சான்று நாள் வந்தது. டாக்டரம்மா அறை வாசலில் மருந்துக்கடை ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கையில் படிவம். அதோடு நான்கு தாள் அதிகமாக வைத்துத் தைத்திருந்தார். 'இனிமேல்' பக்கத்தில் இடம் போதவில்லையாம். இரண்டு பேரையும் ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா முத்திரைக்காரர் கையில் பட்டையைச் சுற்றினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "நூத்தியிருபதுக்கு எண்பது, எழுதிக்கங்க" என்றார்.

டாக்டரம்மா எழுதவில்லை. ஐந்து நிமிடம் சும்மா உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தார். மூன்றாவது தடவையும் பார்த்தார்.

"நூத்தியெழுபத்திரண்டுக்கு நூத்திநாலு, சார்."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

முத்திரைக்காரருக்குக் காதுக்குள் ரயில் ஓடியது. பிறகு, முப்பத்துநான்கு வருடச் சர்வீஸ் அவருக்குள் எழுந்து நின்றது. கருவி தப்பு. ஆள் தப்பாக இருக்கவே முடியாது; ஆகவே கருவி தப்பு. டாக்டரம்மாவின் மெஷினைத் திருப்பினார். சரிபார்ப்புச் சீட்டு இருந்தது. கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது!

"ஆஹா!" என்றார். அந்த ஆஹா மூன்று மாடி தாண்டிக் கேட்டது. "கெடு முடிஞ்ச கருவியால என்னை அளக்கறீங்களா? இங்கேயே இருங்க. யாரும் எதையும் தொடக் கூடாது!"

வீட்டுக்குப் பறந்தார். மெஷினைக் குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தார். ஒப்பீட்டுச் சோதனை என்றால் ஒழுங்காக நடக்க வேண்டும். கண்ணாடியை மூக்கில் ஏற்றி, தாளில் கோடு போட்டுக் கட்டங்கள் வரைந்தார். முதலில் தன் கை. நூற்றிருபதுக்கு எண்பது. வெற்றிப் புன்னகை. அடுத்து டாக்டரம்மா கை. நூற்றிருபதுக்கு எண்பது.

"எனக்கு எப்பவும் நூறுக்கு மேல போகாதே" என்று டாக்டரம்மா புருவத்தைச் சுருக்கினார்.

"இப்பத்தான் சரியா அளந்திருக்கீங்க. யோவ், கையை நீட்டு!"

மருந்துக்கடை நீட்டினார். இருபது வருட பிரஷர். மாத்திரை போட்டும் நூற்றைம்பதுக்குக் கீழே இறங்காத கை. நூற்றிருபதுக்கு எண்பது. நாடி எழுபத்திரண்டு.

மருந்துக்கடை கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "டேய் தங்கமே!" என்று மெஷினுக்கு ஒரு முத்தம் கொடுத்தார். "இத்தனை வருஷம் எங்கடா இருந்தே?"

முத்திரைக்காரருக்குத்தான் கை ஓடவில்லை. மூன்று கட்டத்தில் மூன்று ஒரே எண். ஒரே கல் நூறு தடவை ஒரே எடை காட்டலாம். மூன்று வேறு வேறு கல்?

டாக்டரம்மா பட்டையை எடுத்தார். மேஜைமேல் இருந்த டீ ஃபிளாஸ்க்கைச் சுற்றி மாட்டினார். பொத்தானை அமுக்கினார். உர்ர். புஸ்ஸ். நூற்றிருபதுக்கு எண்பது. நாடி எழுபத்திரண்டு.

"ஃபிளாஸ்க் குத்துக்கல்லாட்டம் இருக்கு டாக்டரம்மா" என்றார் மருந்துக்கடை. "பேசாம நீட்டிப்பை அதுக்கே குடுத்துடுங்க."

முத்திரைக்காரர் மெஷினைத் தலைகீழாகத் திருப்பினார். பதினோரு வருடத்துக்கு முன் தானே ஒட்டிய முத்திரைச் சீட்டு ஓரத்தில் சுருண்டிருந்தது. நகத்தால் நெம்பினார். சீட்டு உரிந்தது. அடியில் பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது: 'மாதிரிக் கருவி. கடையில் காட்சிக்கு மட்டும்.'

அது விக்கறதுக்கு இல்ல சார்.

முப்பத்துநான்கு வருடத்தில் மூன்று லட்சம் எடைக்கற்களையாவது சோதித்திருப்பார். சோதிக்காமல் முத்திரை குத்தியது ஒன்றே ஒன்றுதான். அதில்தான் தன்னையே வைத்து நிறுத்திருக்கிறார்! டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இன்றைக்கே மாத்திரை ஆரம்பிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து வர வேண்டும், வேறு மெஷின் கொண்டுவந்து பார்க்கிறேன் என்றார். "பயப்படாதீங்க சார், மாத்திரை போட்டா வேலை பாக்கலாம். சான்று நின்னுபோகல" என்றும் சொன்னார். அவர் காதில் ஏறியது பாதிதான்.

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வாசலில் நின்றே, "ஏம்மா! ஃபிளாஸ்க்குக்கும் நூத்தியிருபதுக்கு எண்பது!" என்றார்.

மனைவி தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த அந்தச் சனியனைப் பார்த்தாள். மெதுவாகப் பொம்மையைக் காட்டினாள்.

"இதுக்கும் அதேதான்" என்றாள்.

இரண்டாவது இடி.

"என்னது?"

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க வெளியூர் சோதனைக்குப் போயிருந்தீங்க. தைக்கக் குடுத்தவ ஒருத்தி கத்தோ கத்துன்னு கத்திட்டுப் போனா. எனக்குப் படபடன்னு வந்துச்சு. மாட்டிப் பாத்தேன். நூத்தியிருபதுக்கு எண்பது. அப்படி இருக்க நியாயமே இல்லையேன்னு சந்தேகம். பொம்மை கையில மாட்டினேன். ரொம்ப ஆரோக்கியமா இருந்துச்சு."

"எட்டு வருஷமா தெரியுமா! தெரிஞ்சுமா நான் தினம் இந்தா பாத்துக்கோன்னா, பாத்தாச்சு பாத்தாச்சுன்னே?"

"ஆமா."

"நான் பொத்துனு போயிருந்தா?"

"போக விட்டிருப்பேனா?" அவள் குரல் உயர்ந்தது. "உப்பை எப்போ பாதியாக் குறைச்சேன் தெரியுமா? பொத்தான் வாங்கணும், நூல் வாங்கணும்னு தினமும் சாயங்காலம் ரெண்டு மைல் உங்களை நடத்திக் கூட்டிப்போனேனே, பக்கத்துத் தெருவுல பொத்தான் கிடைக்காமலா? அந்தப் பல் டாக்டர்கிட்ட எதுக்குப் போனோம்? நாற்காலியில உட்காந்ததும் அந்தப் பொண்ணு முதல்ல கையில பட்டை சுத்தும். நீங்க கண்ணை மூடிக்கிட்டு நூத்தியிருபதுக்கு எண்பதுன்னு சொல்லுவீங்க. அது என்கிட்ட நிஜ நம்பரைத் துண்டுச் சீட்டுல எழுதிக் குடுக்கும். நூத்திமுப்பது, நூத்திமுப்பத்தஞ்சு. அதைத் தாண்டினதே இல்ல. இந்த ஆறு மாசம்தான் நீங்க வரல."

முத்திரைக்காரர் நாக்கால் தன் பற்களைத் தடவிப் பார்த்தார். பதினாறு தடவை பளபளப்பாக்கப்பட்ட பற்கள். ஊரிலேயே சுத்தமான பற்கள், ரத்த அழுத்தத்துக்காக!

"சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னா? பொத்தான் போடப் பயந்துக்கிட்டு ஒரு மாசம் பனியனோட அலைஞ்ச மனுஷன் நீங்க. இந்த மெஷின் வந்த அன்னிக்குத்தான் குறட்டை விட்டீங்க. அந்தக் குறட்டையைக் கேட்டு நான் எழுந்து உட்காந்து சிரிச்சேன். அதை எடுத்து உடைக்க எனக்கு மனசு வரல. தப்புதான். பல்லுக்கு வரமாட்டேன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கணும்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, முப்பத்துநான்கு வருடமாக எழுதிப் பழகிய அதே நோட்டீஸை எழுத ஆரம்பித்தார்.

மறுநாள் பெரிய அதிகாரி அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி படித்தார். 'குற்றம்: சோதிக்காத கருவிக்கு அலுவலக முத்திரை இட்டது. குற்றம் செய்தவர்: கீழே கையெழுத்திட்ட நானே.'

"என்னய்யா இது! உங்க வீட்டு பிரஷர் மெஷின் நம்ம சட்டத்துலயே வராதே!"

"முத்திரைச் சீட்டு ஆபீஸுது சார்."

"இதை நான் வாங்கினா பதிவேட்டுல கறை ஏறும். நீட்டிப்பு போச்சு. தெரியுமில்ல? டாக்டரம்மா மாத்திரை போட்டா போதும்னு சொல்லிட்டாங்க. கிழிச்சுப் போட்டுட்டுப் போங்க."

கடைத்தெருவில் எத்தனை பேர் கெஞ்சியிருப்பார்கள், இந்த ஒரு தடவை விட்டுடுங்க சார் என்று! அரிசிக்காரர் குடும்பத்தோடு வந்து அழுதாரே, விட்டாரா?

"கிழிக்க முடியாது சார்" என்றார். "வாங்கினதுக்கு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

விஷயம் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர அரை நிமிடம்கூட ஆகவில்லை. முத்திரைக்காரர் முத்திரைக்காரரையே பிடித்துவிட்டார்! தராசுகள் மூன்று நாள் ஆடாமல் நின்றன. நீட்டிப்பு மருந்துக்கடைக்குப் போனது. அவர் வந்து எதிரில் உட்கார்ந்து, மாத்திரைப் பட்டையைப் பிரித்துக்கொண்டே, "அடப்பாவி! எனக்குத் தோட்டம் போட ஒரு திட்டம், சீட்டுக்கச்சேரிக்கு ஒரு திட்டம், நாலு தாள் எழுதி வச்சிருந்தேன். சும்மா உன்னை வெறுப்பேத்தத்தான்யா போட்டியில நின்னேன்! இப்போ ரெண்டு வருஷம் நீ இல்லாத ஆபீஸ்ல யாரைத் திட்டுவேன்?" என்றார். நிஜமாகவே பிரஷர் ஏறியவர் போலத்தான் இருந்தார்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா புது மெஷினில் பார்த்தார். நூற்றுமுப்பத்தெட்டுக்கு எண்பத்தெட்டு. அரை மணி கழித்து நூற்றுமுப்பத்துநான்கு. முத்திரைக்காரர் திரையை உற்றுப் பார்த்தார். எண் மாறியது! அவர் கண் முன்னாலேயே மாறியது!

"இது ஆடுதே" என்றார் அதிர்ச்சியோடு.

"ஆடணும் சார். படி ஏறினா ஏறும், தூங்கினா இறங்கும், கவலைப்பட்டா எகிறும். இப்போ உங்களுக்கு ஏறினது உப்பால மட்டும் இல்லன்னு நினைக்கறேன்." உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். "உங்க வீட்டுல எழுதினது. நானே இப்படி ஒரு மெடிக்கல் ரிப்போர்ட் பாத்ததில்ல."

மனைவி தன் தையல் நோட்டிலிருந்து எடுத்து எழுதியிருந்தாள். 'நாற்பத்தாறு வயது. காலர் பதினைந்து. தூங்குவதில்லை. நாற்பத்தேழு. மெஷின் வந்தது. காலர் பதினைந்தரை. தோள் நிமிர்ந்தது. மகள் கல்யாணம் ஆகிப் போன மாதம். இடுப்பு ஒரு இன்ச் குறைவு. அழவில்லை. பேத்தி பிறந்த வருடம். இடுப்பு இரண்டு இன்ச் கூடுதல், பேத்திக்கு ஊட்டிய மிச்சமெல்லாம் இவரே சாப்பிட்டது. இந்த வருடம். ஓய்வுக் கவலை. தோள் அரை இன்ச் இறக்கம். கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.'

மூன்றாவது இடி. ஊரையே அளந்து திரிந்த மனிதரை, ஒருத்தி பன்னிரண்டு வருடமாகப் பின்னால் நின்று அளந்துகொண்டிருந்திருக்கிறாள்! அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இந்தப் பக்கம் மட்டும் காலியா இருக்கு சார்" என்று டாக்டரம்மா 'இனிமேல்' பக்கத்தைக் காட்டினார். "சான்றுக்காக இல்ல. எனக்காகவும் இல்ல."

படிவத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி சட்டைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தார். பொம்மையைப் பார்த்தார். பொம்மை அதே நிம்மதியோடு நின்றது.

"அரை இன்ச் இறக்கமா?" என்று கேட்டார்.

"பதினேழு இருந்தது பதினாறரை ஆயிடுச்சு. நிமிர்ந்து நில்லுங்க, காட்டறேன்." டேப்பைத் தோளுக்குத் தோள் வைத்தாள். "பதினாறரை."

முத்திரைக்காரர் கண் டேப்மேல் நிலைத்தது. துணி டேப். ஓரம் பிசிறு விட்டு, நடுவில் வெளுத்து, பல வருடம் கழுத்தில் தொங்கி இழுபட்டு... கை தானாகவே பைக்குள் போனது. எஃகு அளவுகோலை எடுத்தார். டேப்பை அதன்மேல் நீட்டி வைத்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, முறைப்படி மூன்றாவது தடவை.

"அடிப்பாவி!" என்று குதித்தார். "பதினாறரைன்னு உன் டேப் காட்டற இடத்துல நிஜத்துல பதினேழு இருக்கு! டேப் நீண்டு போச்சு! என் தோள் இறங்கவே இல்ல!"

இந்தத் தடவை அதிர்ந்தது அவள். டேப்பையும் அளவுகோலையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் முகத்தைச் சுளித்தாள்.

"டேப் சொன்னதை எழுதினேன். ஆனா எனக்குத் தெரிஞ்சது டேப்லயா? சட்டையை மாட்டிப் பாக்கறப்போ கையில தெரிஞ்சது. இறங்கித்தான் இருந்துச்சு."

"எத்தனை பேருக்கு இந்த டேப்பால தைச்சே? ஊரையே ஏமாத்தியிருக்கே!"

"ஏமாத்தவே இல்லையே. அளந்ததும் இதே டேப், வெட்டினதும் இதே டேப். யாருக்காவது சட்டை சரியா உட்காரலையா? ஒருத்தரைக் கூப்பிடுங்க பாக்கலாம்!"

முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு கடைக்காரர், ஒரே ஒரு கடைக்காரர் இப்படி ஒரு வாதத்தைக் கொண்டுவந்ததில்லை! முத்திரைக்காரருக்கு வயிற்றுக்குள் ஏதோ குலுங்கியது. கல் என்று நினைத்தார். கல் இல்லை. சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக வந்தது, பிறகு வாய் வழியாக, பிறகு நாற்காலியே ஆடியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குதுடி, வலிக்குது" என்றார். மனைவி பதறிப்போய் நாடியைப் பிடித்தாள்.

"இதெல்லாம் செல்லாது" என்றார் ஒருவழியாக மூச்சு வாங்கி. கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டீஸ் தாள் ஒன்றை எடுத்தார். "டேப் பறிமுதல். இந்தத் தெருவுல எத்தனை தையல்காரங்க?"

"எதுக்கு?"

"சொல்லு."

"பதினாலு பேர். ஏங்க, வேண்டாம், அவங்கெல்லாம் என் சிநேகிதிங்க! ஏங்க!"

அவர் அதற்குள் எஃகு அளவுகோலை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டிவிட்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, மேஜைமேல் கிடந்த படிவத்தின் கடைசிப் பக்கத்தில் அவசரமாக ஒரு வரி எழுதினார். 'டேப்புகள். முதலில் இந்தத் தெரு.'

தெருவில் அவர் தலை தெரிந்ததும் மூன்றாவது வீட்டுத் தையல்காரி, காரணம் தெரியாமலே, கழுத்திலிருந்த டேப்பைச் சுருட்டித் தலையணைக்கடியில் ஒளித்தாள்.